கிட்டார் வாசிக்கும் கையும் பாதியில் நின்ற பழுதுபார்ப்பும்

மணிக்கட்டு வலி, விரல் மரத்துப்போதல் என்று வருவோரிடம் தொழிலைக் கேட்பது எங்கள் வழக்கம். கரும்பு வெட்டுதல், மரவள்ளிக் கிழங்கு பிடுங்குதல், தையல், மரச்சிற்ப வேலை, நாள்தோறும் நெடுந்தொலைவு இருசக்கர வண்டி ஓட்டுதல் என விடை உடனே வந்துவிடும். வேலை முடிந்தபின் கை என்ன செய்கிறது என்ற அடுத்த கேள்விக்குத்தான் சற்று நேரம் பிடிக்கிறது. “சும்மா கொஞ்ச நேரம் கிட்டார் வாசிப்பேன்” என்று சிலர் தயங்கிச் சொல்வார்கள். அந்தச் ‘சும்மா’ என்ற சொல்லுக்குள் நோயின் காரணம் பாதி ஒளிந்திருப்பது உண்டு. கைக்குத் தொழில், பொழுதுபோக்கு என்ற வேறுபாடு தெரியாது. பகல் முழுதும் அரிவாள் பிடித்த தசைநாண்களே இரவில் கம்பியையும் அழுத்துகின்றன. இரண்டு சுமையும் ஒரே கணக்கில்தான் ஏறுகின்றன.

கிட்டார் இன்று நம் மாவட்டத்துக்குப் புதிய கருவியன்று. தேவாலயப் பாடற்குழுக்களிலும், கல்லூரி விடுதிகளிலும், கள்ளக்குறிச்சி நகரத்து வீடுகளிலும், கல்வராயன் மலையில் வெள்ளிமலை வரையிலும் அது சென்றிருக்கிறது. அவ்வாறு வாசிப்போர் பலருடைய வீட்டுப் பரணில் பழுதுபார்க்கத் தொடங்கி நிறுத்திய கிட்டார் ஒன்றும் கிடக்கும். வாசிப்பு, பழுதுபார்ப்பு ஆகிய இவ்விரண்டும் கையின் நலத்தோடு எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம். வாசிப்பதை விட்டுவிடுங்கள் என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்த அறிவுரையை உறவினர்கள் முன்னரே வேண்டிய அளவு வழங்கியிருப்பார்கள்.

முதலில் கையின் அமைப்பு. விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரலில் இல்லை. முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறுபோல் நீளும் தசைநாண்கள் ஒன்பது, மணிக்கட்டில் உள்ள ஒரு குறுகிய வழியினூடே கைக்குள் செல்கின்றன. அதே வழியில்தான் நடு நரம்பும் செல்கிறது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி தருவது அந்நரம்பு. மணிக்கட்டை மிகவும் மடக்கியபடி விரல்களை அழுத்தினால் அவ்வழியில் நெருக்கம் மிகுந்து நரம்பு நசுங்குகிறது. இதுவே ‘கார்ப்பல் டனல்’ என்று மருத்துவர் எழுதித் தரும் நோய். இரவில் கை மரத்து விழிப்பு வருவதும், கையை உதறினால் சற்றுத் தெளிவதும் இதன் அடையாளங்கள். சுண்டுவிரல் மட்டும் மரத்தால் சிக்கல் பெரும்பாலும் முழங்கையில் செல்லும் வேறொரு நரம்பில் இருக்கும். விரலை மடக்கினால் சிக்கிக்கொண்டு, ‘டக்’கென்று விடுபடுவதாயின் அது ‘ட்ரிகர் ஃபிங்கர்’. உள்ளங்கையில் விரலின் அடியில் உள்ள வளையத்தில் தசைநாண் தடித்துச் சிக்குவதால் வருவது. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வலித்தால் அது மற்றொன்று. வலி எங்கே என்பதைச் சரியாகச் சுட்டிக்காட்டுவோர் பாதி மருத்துவத்தை முடித்துத் தருகிறார்கள்.

இனிக் கிட்டாருக்கு வருவோம். எஃகுக் கம்பி பூட்டிய சாதாரண கிட்டாரின் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடை தொங்குவதற்கு ஒப்பான விசையுடன் இழுபட்டு நிற்கின்றன. நைலான் கம்பி பூட்டியதில் இது 40 கிலோ அளவே. இந்த இழுவிசையை இரவும் பகலும் தாங்குவது மெல்லிய மரப்பலகை. மரமோ காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், வறண்டால் சுருங்கும். சித்திரை வெயிலில் சமவெளியில் காய்ந்த கிட்டார், கோமுகி அணையைக் கடந்து மலையேறிக் கரியாலூரின் குளிர்ந்த காற்றில் சில வாரம் இருந்தால் மரம் மாறத்தான் செய்யும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எல்லா ஊரிலும் இதே நிலை. மேற்பலகை உப்பி எழும்போது அதன்மேல் ஒட்டிய பாலமும் உயர்கிறது. பாலம் உயர்ந்தால் கம்பியும் உயர்கிறது. மூடிய காருக்குள் வெயிலில் விட்டுச் சென்றால் பசையே இளகிப் பாலம் பெயர்வதும் உண்டு.

கம்பி உயர்ந்தால் கைக்கு என்ன? இதுதான் இக்கட்டுரையில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி. வீணையில் மெட்டு எனப்படுவதே கிட்டாரில் ஃப்ரெட். கம்பியை அதன்மேல் படும்வரை அழுத்தினால்தான் சுரம் பிறக்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் எஃகுக் கம்பி நிற்கும் உயரம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் வரை இருந்தால் பெரும்பாலோர்க்கு எளிது. நைலான் கம்பிக்கு 3 முதல் 4 வரை இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோலை வைத்தே இதை அளந்துவிடலாம். எஃகுக் கம்பி 4 மில்லிமீட்டருக்கு மேல் எழுந்து நின்றால், ஒவ்வொரு சுரத்துக்கும் விரல் தேவையற்ற பாரத்தைத் தள்ளுகிறது. அரைமணி நேரத்தில் அது பல நூறு முறை. வாசிப்பவரோ தம் கை பலவீனமானது என்று எண்ணி, இன்னும் கடுமையாகப் பயில்கிறார். பழுது கருவியில், தண்டனை கைக்கு.

தொடக்கநிலையில் உள்ளோரைக் கலங்கடிக்கும் எஃப் கார்டை எடுத்துக்கொள்வோம். சுட்டுவிரலால் ஆறு கம்பிகளையும் முதல் ஃப்ரெட்டில் ஒருசேர அழுத்த வேண்டும். அது வரவில்லை என்று கிட்டாரையே கைவிட்டோர் பலர். ஆனால் அங்கே குற்றம் பெரும்பாலும் ‘நட்’ எனப்படும் தலைப்பக்கத்துச் சிறு துண்டினுடையது. அதன் பள்ளங்கள் ஆழமாக வெட்டப்படாவிட்டால் முதல் ஃப்ரெட்டின் அருகே கம்பி விறைத்து நிற்கும். இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. ஒரு கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மயிரிழை அளவு இருந்தால் நன்று. தாள்கள் பல நுழையும் அளவு இருந்தால் நட்டைச் சீர்செய்ய வேண்டும்.

ஆகவே, பரணில் கிடக்கும் வேலைகளுள் எதை முதலில் முடிப்பது என்ற கேள்விக்கு எங்களிடம் மருத்துவ விடையே உண்டு. கம்பியின் உயரத்தைக் குறைக்கும் வேலையை முதலில் முடியுங்கள். பாலத்தின் மேலுள்ள வெள்ளைத் துண்டின் அடிப்பகுதியை 1 மில்லிமீட்டர் தேய்த்தால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் குறையும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட இயலாது என்பதால் சிறிது சிறிதாகத் தேய்த்துப் பார்ப்பது அறிவு. கழுத்து வளைந்திருந்தால் உள்ளே உள்ள இரும்புக் கம்பியைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பக் கூடாது. இவற்றில் பழக்கமில்லாதோர் கருவி தெரிந்தவரிடம் கொடுப்பதே சிக்கனம். தடிமன் குறைந்த கம்பிகளை மாற்றுவது ஒன்றே பலருக்குப் போதுமானதாகவும் இருக்கும். மங்கிய வார்னிஷ், கீறல் விழுந்த முதுகுப் பலகை, துருப்பிடித்த ஆணி ஆகியவை காத்திருக்கலாம். அவற்றால் கை நோவதில்லை. முடிக்காத வேலை கண்ணில் படும்போதெல்லாம் மனம் குறுகுறுப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். நோயிலிருந்து தேறிவரும் காலத்தில் இந்தக் குறுகுறுப்பு மேலும் கனக்கும். அத்தகையோர் ஒரு கருவியை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் துணியில் சுற்றி உள்ளே வைப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. வீணையில் 24 மெட்டுகளை மெழுகில் பதிக்கும் வேலையைக்கூடக் கைதேர்ந்தவர்கள் அவசரமாகச் செய்வதில்லை.

எப்படிப் பயில்வது

எடுத்துக்காட்டாக ஒருவரை எண்ணிக்கொள்வோம். கச்சிராயபாளையம் பக்கத்தில் கடை வைத்திருக்கிறார், வயது நாற்பத்தைந்து, எட்டு ஆண்டுகளாக நீரிழிவு. வாரம் முழுவதும் கிட்டாரைத் தொடாமல், ஞாயிறு பிற்பகலில் மூன்று மணிநேரம் தொடர்ந்து வாசிப்பார். மார்கழி நெருங்கக் கிறிஸ்துமஸ் பாடல்களுக்காக நாள்தோறும் இரவில் இரண்டு மணிநேரம் பயில்கிறார். இரண்டு வாரத்தில் இடக்கை மரத்துப்போகத் தொடங்குகிறது. வீட்டார் கிட்டாரை விற்றுவிடச் சொல்கிறார்கள். அவருக்கோ நாள் முழுவதும் கல்லாவில் அமர்ந்த அலுப்பைப் போக்கிக்கொள்ள வேறு வழி இல்லை.

இத்தகையவருக்கு நாங்கள் முதலில் சொல்வது, திடீர் உயர்வே தீங்கு என்பதுதான். மூன்று மணிநேரத்தை ஒரே நாளில் கொட்டுவதைவிட, நாளொன்றுக்கு இருபது நிமிடமாகப் பிரிப்பது கைக்கும் நல்லது, கல்விக்கும் நல்லது. தொடங்குமுன் கை சூடாக இருக்க வேண்டும். மலைமேல் தைக் குளிரில் விரல் விறைத்திருக்கும்போது வேகமாக வாசிப்பது கூடாது. வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் கையை வைத்தெடுக்கலாம். நீரிழிவு உள்ளோர் அந்நீரின் சூட்டை விரலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த விரல் கொதிநீரையும் வெதுவெதுப்பென்றே சொல்லும்.

முதல் ஐந்து நிமிடம் மெதுவாக, ஒரு நிமிடத்துக்கு 60 தட்டு என்ற காலத்தில், ஒவ்வொரு விரலாக. அப்போது ஒரு சிறு பயிற்சி செய்யலாம். விரலைக் கம்பியின்மேல் வெறுமனே வைத்து மீட்டுங்கள். ஒலி செத்துக் கேட்கும். அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இரைச்சல் வந்து, பின் சுரம் தெளியும். தெளிந்த அந்தக் கணத்து அழுத்தமே போதுமானது. பெரும்பாலோர் அதைப்போல் இருமடங்கு அழுத்துகிறார்கள் என்பதை அவர்களே அப்போது கண்டுகொள்வார்கள். விரலை ஃப்ரெட்டை ஒட்டியே, அதற்குச் சற்றுப் பின்னால் வைத்தால் இன்னும் குறைந்த விசை போதும். கட்டைவிரல் கழுத்தைக் கிடுக்கிபோல் நெரிக்க வேண்டியதில்லை; கை பின்னோக்கித் தரும் எடையே பாதி வேலையைச் செய்யும். அதன்பின் பத்து நிமிடம் கார்டு மாற்றம், கடைசி ஐந்து நிமிடம் விருப்பமான பாடல். மேலும் வாசிக்க விரும்பினால் இடையில் ஐந்து நிமிடம் கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தோளையும் கழுத்தையும் தளர்த்த வேண்டும். கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசித்துப் புகழ்பெற்ற ஆர். பிரசன்னாவைக் கேட்டுவிட்டுக் கமகங்களை முயல்வோர் ஒன்றை நினைவிற்கொள்ளுதல் நலம். கம்பியை ஓரமாக வளைத்து இழுப்பது, அழுத்துவதைவிடக் கடினமான வேலை. அதை ஒற்றை விரலால் செய்யாமல், பின்னால் மற்ற விரல்களின் துணையோடு, நாளுக்குச் சில நிமிடம் மட்டும் பயிலலாம்.

அமரும் முறையும் உண்டு. நம் வீடுகளில் தரையில் சப்பணமிட்டு வாசிப்பதே வழக்கம். அவ்வாறு அமரும்போது கிட்டாரின் கழுத்து தாழ்ந்து, அதைத் தாங்க இடக்கை மணிக்கட்டு மடங்கிவிடுகிறது. கைப்பிடி இல்லாத நாற்காலியில் அமர்ந்து, தோள்வார் போட்டு, கழுத்து சற்று மேல்நோக்கி நிற்குமாறு வைத்துக்கொண்டால் மணிக்கட்டு நேராகும். இந்த ஒரு மாற்றத்தாலேயே கை மரப்பு குறைவதும் உண்டு.

நாம் எண்ணிய கடைக்காரருக்கு இன்னும் சில செய்திகள் உள்ளன. நீரிழிவு உள்ளோர்க்கு ட்ரிகர் ஃபிங்கரும் கார்ப்பல் டனலும் மற்றவர்களைவிட மிகுதியாக வருகின்றன. வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும். அந்நாள்களில் அளவைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கம்பி உராய்ந்து இடக்கை விரல்நுனி காய்த்துப்போவதால், சர்க்கரைச் சோதனைக்கு வலக்கை விரலின் பக்கவாட்டில் குத்துவது எளிது. காய்ப்பு வெடித்துப் புண்ணானால் ஆறும்வரை வாசிப்பை நிறுத்த வேண்டும். மரப்பு பகலிலும் நீடித்து, கட்டைவிரலின் அடியில் உள்ள மேடு வற்றத் தொடங்கினால், அது ஓய்வால் மட்டும் தீரும் நிலையைக் கடந்துவிட்டது என்று பொருள். நரம்புச் சோதனை செய்து, தேவையாயின் அறுவை மருத்துவம் செய்ய வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் வற்றிய தசை திரும்பாமலே போகலாம். கிட்டாரோடு, சட்டைப் பொத்தான் போடுவதும் கடினமாகும்.

வலியே இல்லாத ஒரு நோயும் இசைஞர்க்கு உண்டு. பல்லாண்டு பயின்ற கையில், வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தன் விருப்பமின்றிச் சுருண்டுகொள்ளும். மற்ற வேலைகளில் அவ்விரல் நன்றாகவே இருக்கும். இது மூளையின் கட்டளையில் வரும் பிறழ்ச்சி. அமெரிக்கப் பியானோ இசைஞர் லியோன் ஃபிளைஷர் 1960களில் இதனால் வலக்கையை இழந்து, பல்லாண்டு இடக்கையால் மட்டும் வாசித்தார். 1990களில் போட்டுலினம் ஊசியின் உதவியால் இரு கைகளுக்கும் திரும்பினார். இத்தகைய நிலையில் மேலும் கடுமையாகப் பயில்வது நோயை வளர்க்கும். எனவே விரல் சொல்பேச்சுக் கேட்கவில்லை என்றால் அதைச் சோம்பல் என்று கருத வேண்டாம்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. அச்சிற்பிகளுக்கு நாங்கள் சொல்வதையே கிட்டார் பழுதுபார்ப்போருக்கும் சொல்கிறோம்: மரத்தூளை எளிதாக எண்ண வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. கிட்டாரின் விரற்பலகைக்குப் பயன்படும் ஈட்டி மரத்தின் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் ஆஸ்துமாவையும் தரும். என்-95 முகக்கவசம் அணிந்து, திறந்த இடத்தில் தேய்த்து, ஈரத்துணியால் துடைப்பது நன்று. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூள் மீண்டும் காற்றில் ஏறும்.

மின்கிட்டாரின் ஒயர்களைப் பற்றவைக்கும் ஈயப்பற்று, பெயருக்கு ஏற்ப ஈயம் கலந்தது. அதைச் சமையலறையிலோ குழந்தை தவழும் அறையிலோ செய்யக் கூடாது. முடித்ததும் சோப்பினால் கை கழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும். சிறு குழந்தைகளின் மூளையை ஈயம் மிகச் சிறு அளவிலேயே பாதிக்கிறது. சூப்பர் பசை விரல்களை ஒட்டிவிட்டால் பிய்க்காமல், வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்கலாம். அப்பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைப்பது தவறு. பருத்தியில் பட்டால் அது சூடேறித் தோலைச் சுடும். கண்ணில் பட்டால் இமையைப் பிரிக்க முயலாமல் நீரால் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். கம்பி மாற்றும்போது முதலில் முறுக்கைத் தளர்த்தி, பிறகே வெட்ட வேண்டும். இழுவிசையோடு அறுந்த எஃகு நுனி பாய்வது கண்ணை நோக்கித்தான். கண்ணாடி அணிவது ஒரு நொடி வேலை.

அரக்கைக் கரைத்துப் பிரெஞ்சு பாலிஷ் போடுவதற்கான ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும். மெத்தனால் என்ன செய்யும் என்பதை நம் மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூன் மாதத்தில் அது கலந்த சாராயத்தால் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வேறு சிலர் பார்வையை இழந்தனர். அதே பொருள், பாதியில் நின்ற பழுதுபார்ப்பின் அருகே, பழைய குளிர்பானப் புட்டியில் பெயர் எழுதப்படாமல் வீட்டில் நிற்கலாம். வாங்கிய கலனிலேயே வைத்து, பெயரெழுதிப் பூட்டிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். யாரேனும் தவறிக் குடித்துவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. மெத்தனாலின் நஞ்சு பல மணிநேரம் கழித்தே வெளிப்படும். மாற்று மருந்து அதற்கு முன்பே வேலை செய்ய வேண்டும்.

கரும்புச் சாறு இயந்திரத்திலும் அரவை ஆலைகளிலும் விரலை இழந்தோர் நம்மிடையே உண்டு. இனி வாசிக்க இயலாது என்று அவர்கள் முடிவுகட்டும் முன் இருவரைப் பற்றிச் சொல்கிறோம். பிரான்சில் வாழ்ந்த ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் 1928இல் தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கிய பின், எஞ்சிய இரண்டு விரல்களைக் கொண்டு ஜாஸ் கிட்டாரின் முன்னோடியானார். இங்கிலாந்தின் டோனி அயோமி இடக்கைப் பழக்கமுள்ளவர். கம்பியை அழுத்துவது அவருடைய வலக்கை. உலோகத் தகடு ஆலையில் அக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தாமே விரலுறை செய்துகொண்டு, மெல்லிய கம்பிகளைப் பூட்டி வாசித்தார். இருவரும் கையை மட்டுமல்லாமல், கருவியையும் வாசிக்கும் முறையையும் தம் கைக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். பக்கவாதத்துக்குப் பின் கை மீண்டுவருவோருக்கும், கிட்டாரின் முறுக்காணியைத் திருகுவதும் மென்மையான உப்புத்தாளால் மரத்தைத் தேய்ப்பதும், இயன்முறை மருத்துவரின் அளவறிந்த மேற்பார்வையில், நல்ல பயிற்சியாகலாம்.

வாசித்து முடித்து ஒரு மணிநேரம் கழிந்தும் வலி நீடித்தாலோ, இரவில் மரப்பு எழுப்பினாலோ, விரல் சிக்கினாலோ, பொருள்கள் கைநழுவினாலோ மருத்துவரைக் காண வேண்டும். வரும்போது கிட்டாரையும் கொண்டு வருக. அதன் கம்பி உயரத்தையும் நாங்கள் பார்ப்போம். வெள்ளிமலை, கரியாலூர் போன்ற மலையூர்களிலிருந்து பேருந்தில் கருவியோடு வர இயலாதோர், தாம் வாசிப்பதை முன்னிருந்தும் இடப்பக்கத்திலிருந்தும் ஒரு நிமிடம் கைப்பேசியில் படமெடுத்து வந்தால் போதும். மணிக்கட்டும் கட்டைவிரலும் அப்படத்தில் தெரிய வேண்டும்.